கதவு திறந்திருக்கும்போது நாய் எங்கே படுக்கிறது?

கேள்வி

கலிபோர்னியாவில் வசிக்கிறோம். 16 வயதான என் மகள், பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்றில் குட்டி வளர்க்கும் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறாள். 10 வார லாப்ரடார் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது. இரவிலும், யாரும் அருகிலிருந்து பார்த்துக்கொள்ள முடியாத நேரங்களிலும் அதைக் கம்பிக் கூண்டில் விட வேண்டும் என்பது பள்ளியின் அறிவுரை. ‘கிரேட்’ என்று சொல்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் என் அத்தை, அதாவது கணவரின் தாயார், முதல் இரவு குட்டி அழுததைக் கேட்டுத் தூங்கவே இல்லை. ‘வாயில்லா ஜீவனை அடைத்து வைத்துவிட்டு நமக்கு எப்படித் தூக்கம் வரும்?’ என்கிறார். இதற்கிடையே, காணொளி அழைப்பில் கூண்டைப் பார்த்த என் தம்பியும் கோயம்புத்தூரில் தன் ஒரு வயது லாப்ரடாருக்கு ஒன்று வாங்கிவிட்டான். அவனும் அவன் மனைவியும் வேலைக்குப் போயிருக்கும் காலை 8 மணி முதல் மாலை 6.30 வரை நாய் பால்கனியில் அந்தக் கூண்டுக்குள்தான் இருக்கிறது. ‘உன் வீட்டில் சரி என்றால் என் வீட்டில் மட்டும் எப்படித் தவறாகும்?’ என்று கேட்கிறான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கூண்டு நல்லதா, கொடுமையா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். இரண்டு வீட்டிலும் இருப்பது ஒரே பொருள்தான் என்றாலும், உங்கள் மகள் அதைக் கொண்டு ஒரு குட்டிக்கு ஓய்வெடுக்கக் கற்றுக்கொடுக்கிறாள். உங்கள் தம்பியோ, தாம் வீட்டில் இல்லாத பத்தரை மணி நேரத்துக்கு நாயை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார். முன்னதைச் சில நிபந்தனைகளோடு ஆதரிக்கிறேன். பின்னதை எந்த நிபந்தனையோடும் ஆதரிக்க இயலாது. இந்தப் பதிலைப் படிக்கும் நாளிலேயே அந்தக் கதவைத் திறந்துவிடச் சொல்லுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கூண்டு விற்பவர்களும் பயிற்சியாளர்கள் சிலரும், நாய் இயல்பிலேயே வளையில் வாழும் விலங்கு என்றும், ஆகையால் அடைபட்டிருப்பது அதற்குப் பிடிக்கும் என்றும் சொல்வதுண்டு. கால்நடை மருத்துவராகிய என்னால் இதை அப்படியே ஏற்க முடியவில்லை. ஓநாய் வளையைத் தேடுவது குட்டி ஈன்று வளர்க்கும் சில வாரங்களுக்குத்தான். குட்டிகள் நன்றாக ஓடத் தொடங்கியதும் கூட்டம் அந்த வளையை விட்டு நகர்ந்துவிடும். நம் ஊர்த் தெருநாயும் இப்படித்தான். வைக்கோற்போரின் அடியிலோ சிறுபாலத்தின் குழாய்க்குள்ளோ குட்டி போடும். மற்றக் காலங்களில் நிழல் கண்ட இடத்தில் மண்ணைப் பறித்துப் படுத்து, வெயில் நகர நகரத் தானும் இடம் மாறிக்கொள்ளும். முதுகுக்குப் பின்னே ஒரு மறைவு இருந்தால் நாய் நிம்மதியாகத் தூங்கும் என்பது உண்மை. ஆனால் எந்த வளைக்கும் வெளிப்புறத்தில் தாழ்ப்பாள் கிடையாது என்பதையும் அதனுடன் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

வளையைப் பற்றிய பேச்சில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. கண் திறந்து நடக்கத் தொடங்கும் ஏறக்குறைய மூன்று வார வயதிலேயே, குட்டிகள் தாம் படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப்போய்ச் சிறுநீர் கழிக்க முயல்கின்றன. படுக்கையை நனைக்கக் கூடாது என்ற இந்த இயல்பைப் பற்றிக்கொண்டுதான் கூண்டுப் பழக்கம் கழிப்பறைப் பழக்கமாக மாறுகிறது: குட்டி அடக்கிக்கொள்கிறது, நாம் சரியான நேரத்தில் வெளியே தூக்கிச் செல்கிறோம், அங்கே கழித்ததும் பாராட்டுகிறோம். இதற்குக் கூண்டின் அளவு பொருந்தியிருக்க வேண்டும். தலையைக் குனியாமல் நிற்கவும், சுற்றித் திரும்பவும், பக்கவாட்டில் சாய்ந்து கால்களை நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் குட்டி ஒரு மூலையைக் கழிப்பறையாக்கிக்கொள்ளும். வளர்ந்த லாப்ரடாருக்குப் பொதுவாக 42 அங்குல நீளமுள்ள கூண்டு பொருந்தும். அதையே இப்போது வாங்கி, நடுவே தடுப்புத் தகடு வைத்து, குட்டி வளர வளரப் பின்னால் நகர்த்திக்கொள்ளலாம். பிறந்தது முதல் சிறு கூண்டுகளில் அடைத்து விற்கப்பட்ட குட்டிகளிடம் இந்த வழி பலிக்காமல் போகக்கூடும். படுத்த இடத்திலேயே கழிக்க வேண்டிய நிலையில் வளர்ந்ததால் அந்த இயல்பு அவற்றிடம் மழுங்கிப்போயிருக்கும். அத்தகைய குட்டி கூண்டை அசுத்தப்படுத்தினால் அது குட்டியின் குற்றமாகாது. அதைத் திட்டுவதும் அடிப்பதும் பெரும் அநீதி.

வழிகாட்டி நாயாகப் போகிற குட்டிக்கு இந்தப் பழக்கம் எதற்கு என்பதை உங்கள் அத்தைக்கு விளக்க, அந்தக் குட்டியின் வருங்காலத்தைச் சொல்ல வேண்டும். 1942-இல் தொடங்கப்பட்டு, கலிபோர்னியாவின் சான் ரஃபேலிலும் ஓரிகனிலும் வளாகங்கள் கொண்ட ‘கைட் டாக்ஸ் ஃபார் தி பிளைண்ட்’ போன்ற பள்ளிகளில், குட்டி சுமார் 8 வார வயதில் தன்னார்வலர் வீட்டுக்குச் சென்று, 14 முதல் 16 மாதங்கள் ஆகும்போது பள்ளிக்குத் திரும்புகிறது. அங்கே மற்ற நாய்களோடு கொட்டிலில் தங்கிப் பயிற்சி பெற்று, அதன் பிறகே பார்வையற்ற ஒருவரின் கையில் ஒப்படைக்கப்படுகிறது. ஓராண்டுக்கும் மேலாக மகளின் கட்டிலில் படுத்துறங்கிய நாயை ஒரு நாள் திடீரென்று கொட்டிலில் விட்டால் அது படும் வேதனை, முதல் இரவில் உங்கள் குட்டி அழுததைவிடப் பல மடங்கு பெரிது. அடைப்புக்குள் தனியே படுத்து அமைதியாக உறங்கச் சிறு வயதிலேயே கற்ற நாய்க்கு அந்த மாற்றம் எளிதாகிறது.

பணியில் சேர்ந்த பிறகும், வழிகாட்டி நாயின் நாளில் நடக்கும் நேரத்தைவிடச் சும்மா படுத்திருக்கும் நேரமே அதிகம். அலுவலக மேசைக்கு அடியில், பேருந்து இருக்கையின் கீழ், உணவகத்தில் நாற்காலிக் கால்களுக்கு நடுவே, வகுப்பறையில் என்று மணிக்கணக்காக அசையாமல் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2021 முதல் நடைமுறையிலிருக்கும் விமானப் பயண விதிகளின்படி, சேவை நாய் தன் உரிமையாளர் கால் வைக்கும் இடத்துக்குள் அடங்க வேண்டும் என்று விமான நிறுவனம் கோரலாம். 30 கிலோ எடையுள்ள லாப்ரடார் அந்த இடத்தில் சுருண்டு படுத்துப் பல மணி நேரம் பறப்பது பிறவியில் வருவதன்று. சிறு இடத்தில் மனம் பதறாமல் படுக்கக் கற்றதன் பலன். மேலும், ஸ்கேன் அறை, அறுவை அரங்கு போன்ற சில இடங்களுக்குள் நாயை அழைத்துச் செல்ல முடியாது. நாய்க்கே அறுவை சிகிச்சை நடந்தால் மருத்துவமனைக் கூண்டில் ஓரிரு நாள் இருக்க நேரும். தையல் போட்ட வயிற்றோடு, பழக்கமில்லாத கூண்டுக்குள் இரவெல்லாம் கம்பியைப் பிறாண்டிய நாய்களை நான் பார்த்திருக்கிறேன். காயத்தைவிடப் பயமே அவற்றை அதிகம் வதைத்தது.

மிக எளிய காரணம் ஒன்றும் உண்டு. மருத்துவனாக எனக்கு அதுவே முதன்மையானது. பத்து வாரக் குட்டி வாயால்தான் உலகத்தை அறிகிறது. காலுறை, மின்கம்பி, மாத்திரை அட்டை, சோளக் கதிரின் தண்டு என எதையும் விழுங்கும். குடலில் அடைப்பு ஏற்பட்டால் வயிற்றைத் திறப்பதைத் தவிரப் பல நேரங்களில் வேறு வழியில்லை. பெரியவர்கள் சமைக்கும் அரை மணி நேரத்தில் குட்டி கூண்டுக்குள் மெல்லும் பொம்மையோடு படுத்திருப்பது, கைக்குழந்தையைத் தொட்டிலில் விடுவதைப் போன்றது.

அந்த ஒப்புமையை உங்கள் அத்தையிடம் சொல்லிப் பாருங்கள். ‘கூண்டு’ என்ற சொல் நம் காதில் கிளியையும் புலியையும் எலியையும்தான் நினைவூட்டுகிறது; அவர் மனம் வருந்துவதில் வியப்பில்லை. தொட்டில் என்றால் அழும் பிள்ளையை எடுக்க வேண்டும் என்று அவருக்கே தெரியும். முதல் இரவில் அவர் மனம் சொன்னது சரி, குட்டியை அழவிட்டதுதான் தவறு என்பது என் கருத்து. தாயும் உடன்பிறந்தவர்களும் நெருங்கிப் படுத்திருந்த சூட்டிலிருந்து சில நாட்களுக்கு முன்தான் அது பிரிந்து வந்திருக்கிறது. ‘அழுது ஓயட்டும், பழகிவிடும்’ என்று சிலர் சொல்வார்கள். ஓய்ந்துபோவதும் பழகிப்போவதும் வெவ்வேறு நிலைகள்.

ஆகவே இன்றிரவு கூண்டை மகளின் கட்டிலுக்கு அருகே, அவள் கை எட்டும் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். குட்டி முனகினால் விரல்களைக் கம்பியிடை நீட்டினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டு மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து அழுதால் அது சிறுநீருக்கான அழைப்பு. விளக்கை அதிகம் போடாமல், பேச்சுக் கொடுக்காமல், விளையாடாமல், வெளியே தூக்கிச் சென்று கழிக்கவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைக்க வேண்டும். பகலில் இந்த வயதுக் குட்டியை ஒரு மணி நேரம், அது தூங்கிக்கொண்டிருந்தால் இரண்டு மணி நேரம், அதற்கு மேல் நான் அடைக்க மாட்டேன். ஆறு மாதத்தில் மூன்று மணி நேரம் வரை நீட்டலாம். வளர்ந்த நாய்க்கும் பகலில் தொடர்ந்து நான்கு மணி நேரமே என் எல்லை. குட்டிகள் ஒரு நாளில் 18 மணி நேரம் வரைகூடத் தூங்கும் என்பதால், விளையாடிக் களைத்து, வயிறும் மூத்திரப்பையும் காலியாக இருக்கும் வேளையில் உள்ளே விட்டால் அடைக்கும் நேரமும் தூங்கும் நேரமும் ஒன்றாகிவிடும்.

பழக்கும் முறையில் அவசரம் கூடாது. முதல் இரண்டு நாள், உணவு வேளைகளில் கதவைக் கட்டிவைத்து, மூடவே முடியாதபடி செய்யுங்கள். ஒவ்வொரு வேளை உணவுக் கிண்ணத்தையும் உள்ளே, பின்புறத்தில் வையுங்கள். குட்டி தானாக நுழைந்து தின்று தானாக வெளியே வரட்டும். பிறகு தின்னும்போது மட்டும் கதவைச் சாத்தி, தின்று முடிக்கும் முன்பே திறந்துவிடுங்கள். அதன் பின் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று வளர்த்துக்கொண்டு போகலாம். பள்ளியிலிருந்து வழிகாட்ட ஒருவர் இருப்பார். நான் சொல்வதற்கும் அவர் சொல்வதற்கும் வேறுபாடு தெரிந்தால் அவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். குட்டி பள்ளியின் பொறுப்பில் உள்ளது, எல்லா வீடுகளிலும் ஒரே முறை இருக்க வேண்டும். உள்ளே விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்பதில் மட்டும் விதிவிலக்கே கிடையாது. பட்டையோ அதில் தொங்கும் வில்லையோ கம்பியில் மாட்டிக்கொண்டு நாய் மூச்சுத் திணறி இறக்கக்கூடும். தப்புச் செய்த குட்டியைத் தண்டனையாக உள்ளே தள்ளுவதும் ஆகாது. ஒரு முறை அப்படிச் செய்தாலும் பத்து நாள் உழைப்பு வீணாகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கூண்டு இல்லாமல் வழிகாட்டி நாயே உருவாகாது என்று உங்களை நம்பவைக்க நான் விரும்பவில்லை. சுவீடன் நாட்டின் விலங்கு நல விதிகள், பயணம், கண்காட்சி போன்ற சில தேவைகளுக்கு அன்றி வீட்டில் நாயைக் கூண்டில் அடைத்து வைப்பதை அனுமதிப்பதில்லை; பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நாயை வெளியே நடத்த வேண்டும் என்றும் அவை கேட்கின்றன. அந்த நாட்டிலும் பார்வையற்றோரை வழிகாட்டி நாய்கள் நன்றாகவே நடத்திச் செல்கின்றன. அங்கே கூண்டின் வேலையைத் தடுப்புக் கதவும், சிறு அறையும், மனிதர் கூட இருக்கும் நேரமும் செய்கின்றன. அமெரிக்கப் பள்ளிகளின் வழி வேறு. எனக்கு இரண்டு வழியும் ஏற்புடையவையே. கூண்டை ஒரு காலத்துக்கு மட்டும் உரிய கருவி என்று கருதும் வரையில்தான் இரண்டாவது வழி ஏற்புடையது.

அந்தக் காலம் எங்கே முடிகிறது என்பதை நாயைப் பெறுபவரின் வீட்டில் பார்க்கலாம். கண் தெரிந்தவர்கள் புதிய நாயைக் கண்ணால் காவல் காக்கிறோம். செருப்பைக் கவ்வினால் உடனே தெரிகிறது. பார்வையற்றவருக்கு அந்தக் காவலைக் காதும் கையும்தான் செய்ய வேண்டும். கழுத்தில் சிறு மணி கட்டுவதும், நடைவாரைத் தம் இடுப்பிலோ நாற்காலியிலோ மாட்டிக்கொள்வதும், படுக்கையருகே குட்டையான கட்டுவடத்தில் நாயைப் படுக்க வைப்பதும், முதல் சில வாரங்களுக்கு இரவில் கூண்டைப் பயன்படுத்துவதும் இதற்காகத்தான். வீடும் ஒழுங்கும் நாய்க்குப் பிடிபட்டதும் பெரும்பாலோர் இவற்றை ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார்கள். நாய் வீடு முழுவதும் அவிழ்ந்தே உலவுகிறது. அத்தகைய வீட்டில் கூண்டு இருந்தால் சுவரோரமாக, எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பாதி திறந்து நடைவழியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கதவு பார்வையற்றவரின் முழங்காலைக் கிழித்துவிடும். கதவைக் கழற்றி வைத்துவிடுவதே நல்லது. கதவில்லாத கூண்டுக்குள் நாய் தானாகப் போய்ப் படுக்கிறதென்றால் பழக்கிய விதம் சரி என்று பொருள். உங்கள் வீட்டிலும் அடிக்கடி இதைச் சோதித்துப் பாருங்கள்: கதவைத் திறந்து வைத்துவிட்டு, குட்டி தூக்கம் வந்ததும் எங்கே போகிறது என்று கவனியுங்கள்.

அத்தையை இந்த வேலையிலிருந்து விலக்கி வைக்காதீர்கள். ஒரு வேளை உணவைக் கூண்டுக்குள் வைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். தம் கையால் வைத்த உணவுக்காகக் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே ஓடுவதை நான்கு நாள் பார்த்தால், அவர் மனத்திலிருக்கும் கூண்டு வேறாகிவிடும். ஆனால் கம்பியிடை இட்லித் துண்டோ முறுக்கோ நீட்ட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். உணவகத்தில் மேசைக்கடியில் படுத்திருக்கப்போகும் நாய், மனிதர் தட்டிலிருந்து எதுவும் வராது என்று இப்போதே அறிந்துகொள்ள வேண்டும்; வெங்காயமும் உலர்திராட்சையும் எந்த நாய்க்குமே நஞ்சு.

இனி உங்கள் தம்பிக்கு. அவர் நாயிடம் அன்பில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. மரச்சாமான்களைக் கடித்திருக்கும், அடுத்த வீட்டார் குரைப்பைப் பற்றிக் குறை சொல்லியிருப்பார்கள், கூண்டு எளிய தீர்வாகத் தோன்றியிருக்கும். ஆனால் இளவயது லாப்ரடாரைப் பத்தரை மணி நேரம் அடைத்து, இரவில் இன்னும் எட்டு மணி நேரம் அது உறங்கினால், அதன் நாளில் மிச்சம் இருப்பது ஐந்தரை மணி நேரம். மேலும் பால்கனி. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அது 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும். மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்ந்துகொள்ள நாயால் முடியாது. பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. சூடேறும் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே, வெயில் திரும்பும்போது தானும் இடம் மாற முடியாமல், தண்ணீர்க் கிண்ணமும் கவிழ்ந்துவிட்டால் அந்த நாய் என்ன செய்யும்? இந்திய விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960, தன் 11-ஆம் பிரிவில், அசைய நியாயமான இடமில்லாத கூண்டில் விலங்கை வைப்பதையும், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் இருப்பதையும் வதை என்றே குறிப்பிடுகிறது. நாயின் பெயரைச் சொல்லியே அந்த உட்பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவர் அறிந்துகொள்ளட்டும்.

கூண்டை எறிய வேண்டியதில்லை. அதை வீட்டுக்குள், மின்விசிறி உள்ள அறைக்குக் கொண்டுவந்து, கதவைக் கழற்றி, மெத்தை போட்டுப் படுக்கையாக விட்டுவிடலாம். அறையிலிருந்து கடிக்கக்கூடியவற்றை எடுத்துவிட்டு, குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்றை வாசலில் பொருத்தினால் நாய்க்கு நடமாட இடமும் பொருள்களுக்குப் பாதுகாப்பும் கிடைக்கும். காலையில் வேலைக்குப் புறப்படும் முன் முக்கால் மணி நேரம், அது மோந்து பார்க்க விரும்பும் இடத்திலெல்லாம் நிற்கவிட்டு நடத்த வேண்டும். அவசர நடையில் நாயின் கால் களைக்குமே தவிர மனம் களைக்காது. காலை உணவில் பாதியைக் கிண்ணத்தில் வைக்காமல், துணியில் சுருட்டியோ கெட்டியான ரப்பர் பொம்மைக்குள் அடைத்தோ கொடுத்துவிட்டுப் புறப்பட்டால் முதல் அரை மணி நேரம் அதிலேயே கழியும். நண்பகலில் ஒருவர் வந்து வெளியே அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்வது கட்டாயம். வீட்டு வேலைக்கு வருபவரோ, கல்லூரி மாணவர் ஒருவரோ, அதே குடியிருப்பில் ஓய்வு பெற்ற நாய்ப் பிரியர் ஒருவரோ கிடைப்பார். இது எதுவுமே இயலாது என்றால், அந்த வீட்டில் நாய் வளர்ப்பது பற்றியே அவர் யோசிக்க வேண்டியிருக்கும். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் உடனே கண்டறிய வேண்டும். தனிமையைத் தாங்க முடியாத பதற்றம் சில நாய்களுக்கு நோயாகவே இருக்கும். அத்தகைய நாயைக் கூண்டில் பூட்டினால் பதற்றம் பெருகி, கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும், நகத்தைப் பிய்த்துக்கொள்ளும். கோரைப்பற்களில் இரண்டு வேரோடு முறிந்த நிலையில் கொண்டுவரப்பட்ட ஒரு நாய்க்கு நான் சிகிச்சை செய்திருக்கிறேன். வீட்டார் மாலையில் திரும்பும் வரை அதன் நிலை யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது. ஆகவே தம்பி நாளை காலை நாயை அந்த அறையில் திறந்த கூண்டோடு விட்டு, பழைய கைப்பேசி ஒன்றைப் பதிவில் வைத்துவிட்டு, கீழே இறங்கி அரை மணி நேரம் காத்திருக்கட்டும். சற்று நேரம் வாசலைப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டால் கவலையில்லை. இடைவிடாமல் மூச்சிரைத்தல், எச்சில் ஒழுகல், ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றி நடத்தல், கதவைப் பிறாண்டல், வைத்த உணவைத் தொடாமல் விடுதல் ஆகியவை தெரிந்தால் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் அந்தப் பதிவோடு செல்ல வேண்டும். பயிற்சியோடு சில மாதங்களுக்கு மருந்தும் தேவைப்படலாம். அந்தப் பதிவை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு அவருக்குத் தனியே எழுதுகிறேன்.